ஓலைக்குக் கீழே இரண்டு கணக்கு: டீக்கி பாரை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஹோட்டல் மேலாண்மை படித்து முடித்த என் அக்கா மகன் போன மாதம் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தான். இரண்டு கடற்கரை ரிசார்ட்டுகளில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டிலும் நீச்சல் குளத்தை ஒட்டி டீக்கி பார், அதாவது தீவுக் குடிசை மாதிரி அலங்கரித்த பானக்கூடம், உண்டு. "மாமா, ரெண்டுலயும் ஓலைக் குடிசைதான், ரெண்டுலயும் மூங்கில்தான். எது நல்ல இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான்.

ஒன்பது வருடம் சொகுசுக் கப்பலில் பார் பகுதியில் பரிமாறிவிட்டு குளச்சல் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவன் நான். அவனுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கும் உதவும், ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் உதவும். மது தொடாதவர்களும் படிக்கலாம். நான் சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல் ஒரு இளநீரை வைத்தே செய்துவிடலாம்.

முதலில், இது என்ன இடம்?

டீக்கி என்பது பசிபிக் கடலின் பாலினீசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்குகிற மனித உருவம். நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய பழங்கதைகளில் முதல் மனிதனின் பெயரும் டீக்கிதான். ஆனால் டீக்கி பார் அந்தத் தீவுகளில் பிறக்கவில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியதும், எர்னஸ்ட் காண்ட் என்பவர் ஹாலிவுட்டில் மூங்கிலும் மீன்வலையும் மிதவையும் தொங்கவிட்டு ஒரு சின்ன பார் திறந்தார். பிற்பாடு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். 1934-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் திறந்த கடைதான் பின்னாளில் டிரேடர் விக்ஸ் என்ற டீக்கி பார் ஆனது. இன்றைக்கு எல்லா டீக்கி பார் மெனுவிலும் இருக்கிற மை டாய் என்ற ரம் பானம், 1944-இல் தானே கலந்தது என்பது பெர்ஜரானின் வாதம். ரம் கரீபியன் கடல் பக்கத்துச் சரக்கு, அலங்காரம் பசிபிக் பக்கத்துச் சாமான், வியாபாரம் கலிஃபோர்னியாவில் நடந்தது. அதாவது முழுக்க முழுக்கக் கற்பனையாகக் கட்டிய உலகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கற்பனையாகக் கட்டிய இடத்தில் அலங்காரத்தைப் பார்த்து மயங்குவது சுலபம். சான் பிரான்சிஸ்கோவில் ஃபேர்மாண்ட் ஹோட்டலின் டோங்கா ரூம் 1945-இல் வந்தது. ஹோட்டலின் உள் நீச்சல் குளத்தையே நடுவில் ஒரு காயலாக மாற்றி, அதில் மிதக்கும் படகில் பாட்டுக்காரர்களை உட்கார வைத்தார்கள். இடி முழங்கும், கூரையிலிருந்து குளத்தில் மழை பெய்யும், உட்கார்ந்திருப்பவர் மேல் ஒரு சொட்டு விழாது. டிஸ்னி ரிசார்ட்டுகளில் டிரேடர் சாம்ஸ் என்று இரண்டு உண்டு. ஒன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில், 2011-இல் திறந்தது. இன்னொன்று ஃப்ளோரிடாவின் பாலினீசியன் ரிசார்ட்டில், 2015-இல் திறந்தது. அங்கே கிரக்கட்டோவா பஞ்ச் என்ற பானத்தைக் கேட்டால் எரிமலை குமுறத் தொடங்கும். இன்னொரு பானத்தைக் கேட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் கப்பல் முழுகும். ஆர்டர் எடுக்கிற ஊழியர் அந்த நேரத்தில் உரக்கக் குரல் கொடுக்காவிட்டால் எரிமலையும் வெறும் விளக்கு வேலைதான். அந்த இடத்தின் சூழலே பரிமாறுகிறவர் வாயில்தான் இருக்கிறது.

நம் கடற்கரையில் நிலைமை வேறு. கடலும் காற்றும் அஸ்தமனமும் சும்மா கிடைக்கின்றன. அதனாலேயே ஒரு ஆபத்து: கடல் அழகாக இருந்தால் தண்ணீர் கொண்டுவராத சர்வரையும் நாம் மன்னித்துவிடுவோம். சர்வர் தங்கமான பையனாக இருந்தால் ஒழுகும் கூரையையும் மன்னிப்போம். ஒன்று இன்னொன்றை மூடிவிடும். ஆகவே சூழலுக்கு ஒரு கணக்கு, உபசரிப்புக்கு ஒரு கணக்கு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

போகும் முன் ஒரு போன்

நான்கு விஷயம் கேளுங்கள். ரிசார்ட்டில் தங்காதவர்களை உள்ளே விடுவார்களா, குடும்பத்தோடு வரலாமா, குடிசைப் பகுதி எத்தனை மணிக்குத் திறக்கும், மது உண்டா இல்லை பழச்சாறும் மது சேராத மாக்டெயிலும் மட்டுமா. கடைசிக் கேள்வி முக்கியம். பெயர்ப்பலகையில் பார் என்று இருந்தாலே மது உரிமம் இருக்கும் என்று அர்த்தமில்லை. உரிமம் இல்லாமல் மாக்டெயில் மட்டும் கொடுத்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை, போன் எடுப்பவர் அதை ஒளிக்காமல் சொல்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

வயது விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 23. கோவளம், பூவார் பக்கம் ஒரு இடத்தையும் நம் மாவட்டத்தில் ஒரு இடத்தையும் ஒப்பிடப் போகிறவர்கள், கல்லூரி முடித்த தம்பிகளைக் கூட்டிப்போகும்போது இதை மறந்துவிடுகிறார்கள். காந்தி ஜெயந்தி மாதிரி மதுக்கடை மூடும் நாட்களையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே பானம்

ஒரு இடத்துக்குச் சனிக்கிழமை ராத்திரியும் இன்னொரு இடத்துக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் போய்விட்டு ஒப்பிட்டேன் என்று சொல்லக் கூடாது. சபரிமலை சீசனில் கன்னியாகுமரி ஊரே நிரம்பி வழியும். அந்த நேரத்தில் முட்டம் பக்கமோ தேங்காப்பட்டணம் பக்கமோ இருக்கிற அமைதியான இடத்தோடு ஊருக்குள் இருக்கும் இடத்தை ஒப்பிடுவது நியாயமில்லை. முடிந்தால் இரண்டுக்கும் வார நாளில் போங்கள். சூரியன் அடைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய், இருட்டிய பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். வெளிச்சம் மாறும் அந்த நேரத்தில்தான் இடத்தின் குணம் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே பானத்தைக் கேளுங்கள்.

உட்காரும் முன் ஐந்து நிமிடம்

முதலில் கூரையைப் பாருங்கள். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் அம்மா கொல்லையில் உட்கார்ந்து ஓலை முடைவார். மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மடித்துப் பின்னிக்கொண்டே போவார். ஒரு மழைக்காலம் தாண்டினால் அந்த ஓலை கறுத்து, ஓரம் நைந்து, விரலால் தொட்டால் உதிரும். ரிசார்ட் குடிசையின் இறவாணத்துக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். ஓலை வெளுத்த மஞ்சளில் இருந்தால் இந்த வருடம் மேய்ந்தது. கறுத்து, நடுவில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் செலவுக்கு யோசிக்கிறார்கள் என்று பொருள். பிளாஸ்டிக் ஓலையும் இப்போது வருகிறது. எல்லாக் கீற்றும் ஒரே நிறம், ஒரே நீளம், காற்றடித்தால் எழும் சத்தமும் வேறு. பிளாஸ்டிக் என்பதற்காக நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் தென்னை இத்தனை நிற்கும் ஊரில் பிளாஸ்டிக் ஓலையைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும், அதை மறைக்கவில்லை.

அடுத்து காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை நம் கரையில் எப்படி அடிக்கும் என்று தெரியும். யோசித்துக் கட்டியவர்கள் மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி வைத்திருப்பார்கள், மெனு அட்டையைக் கனமாகச் செய்திருப்பார்கள், டிஷ்யூ பேப்பருக்கு மேல் ஒரு கல் இருக்கும். யோசிக்காதவர்கள் இடத்தில் டிஷ்யூ பேப்பர் நீச்சல் குளத்தில் மிதக்கும்.

பிறகு வெளிச்சம். அமெரிக்காவின் பழைய டீக்கி பார்களில் ஜன்னலே இருக்காது. வெளியே பகலா இரவா என்று தெரியக் கூடாது என்பதுதான் உத்தி. கடற்கரைக் குடிசையில் அது முடியாது, தேவையும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது, சூரியன் அடைந்த பத்தாவது நிமிடம் என்ன நடக்கிறது என்று. ஒரு இடத்தில் அரிக்கேன் விளக்கு மாதிரியான சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். இன்னொரு இடத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஒரே சுவிட்சில் போட்டு, அதுவரை சேர்த்த அழகையெல்லாம் கெடுப்பார்கள். அதே நேரம் மெனுவை செல்போன் டார்ச் இல்லாமல் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

சத்தம், வாசனை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எதிரே இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிந்தால் போதும். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். கரையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தால் அது கடற்கரையின் இயல்பு, புகார் அல்ல. கழிவறை வாசனை வந்தால் அது புகார்தான்.

உபசரிப்பைக் கடிகாரத்தோடு பாருங்கள்

போனில் நான்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: உட்கார்ந்தது, ஒருவர் வந்து முகம் பார்த்துப் பேசியது, ஆர்டர் எடுத்தது, பானம் வந்தது. நாங்கள் கப்பலில் வைத்திருந்த கணக்கு, உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் விருந்தாளியைப் பார்த்துத் தலையாவது அசைத்திருக்க வேண்டும். கை நிறைய வேலை இருந்தாலும் "இதோ வர்றேன் சார்" என்று சொல்லக் காசு ஆகாது. பானம் வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனால் குற்றம் சொல்லாதீர்கள். டீக்கி பானங்களில் ஐந்தாறு பொருள் சேரும், ஐஸை நொறுக்க வேண்டும், எலுமிச்சை பிழிய வேண்டும். தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பதைத்தான் குறிக்க வேண்டும்.

இனி ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, மை டாய்ல என்ன சேர்ப்பீங்க?" பெர்ஜரானின் முறைப்படி ரம், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் தோல் வாசனையுள்ள குராசோ மது, ஓர்ஷா எனப்படும் பாதாம் சிரப், கொஞ்சம் சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். அன்னாசிச் சாறு அதில் கிடையாது. ஆனால் பல இடங்களில் அன்னாசியும் ஆரஞ்சும் சிவப்புச் சிரப்பும் ஊற்றித் தருவார்கள். அது அவர்கள் கைப்பக்குவம், விட்டுவிடலாம். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். தெரிந்து சொன்னால் நல்லது. "பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்று போய்க் கேட்டு வந்தால் அதுவும் எனக்கு முழு மதிப்பெண். "ஸ்பெஷல் ஐட்டம் சார், சூப்பரா இருக்கும்" என்று மழுப்பினால் அங்கே பயிற்சி கொடுப்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பயிற்சி இல்லாத இடத்தில் திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது, மது கேட்காத விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. இரண்டு வருடம் முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். அம்மா கருக்கு கேட்டார். எங்கள் பக்கம் இளநீரைக் கருக்கு என்றுதான் சொல்வோம். ஆர்டர் எடுக்க வந்தவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "அது மட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வந்த இளநீர் மேசையில் நிற்காமல் உருண்டது. அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே குடித்தார். அதே மாதத்தில் இன்னொரு இடம். அங்கே இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எதிரிலேயே சீவினான். அடியிலும் ஒரு சீவு சீவித் தட்டையாக்கி, மேசையில் வைத்து, ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு, "ஸ்ட்ரா வேண்டாம்னா டம்ளர்ல ஊத்தித் தரட்டா பாட்டி? குடிச்சு முடிச்சதும் சொல்லுங்க, வழுக்கை எடுத்துத் தாரேன்" என்றான். அந்தக் குடிசையில் ஓலை சுமார்தான், பாட்டும் சத்தம்தான். உபசரிப்புக் கணக்கில் நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

பக்கத்து மேசைகளையும் பாருங்கள். தனியாக வந்தவர், கைக்குழந்தையோடு வந்தவர், மலையாளமோ இந்தியோ மட்டும் தெரிந்தவர், இவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு உங்களுக்குக் கிடைப்பது மாதிரியே இருக்கிறதா?

பானமும் வேடிக்கையும்

தேங்காய்ச் சிரட்டையிலோ இளநீர்க் கூட்டிலோ பானம் வந்தால் வாய்ப்பகுதியைப் பாருங்கள். இப்போது சீவியதாக இருந்தால் உள் விளிம்பு பால்போல் வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி, நார் பிசிறு பிசிறாக நின்றால் ஏற்கெனவே யாரோ குடித்த கூடு. திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். மெருகேற்றிய சிரட்டைக் கோப்பை என்றால் கழுவிப் பயன்படுத்துவதுதான், அது வேறு. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள். நொறுக்கிய ஐஸ் கோப்பையை நிறைத்துக் காட்டும் என்பதால், மது கேட்டவர்கள் அளவையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சின்ன பெக் 30 மில்லி, பெரியது 60 மில்லி. கண்ணெதிரே அளவுக்குவளையில் ஊற்றுகிறார்களா, பாட்டிலைச் சாய்த்துக் கண் அளவில் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். கண் அளவு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

தீ வைத்துத் தரும் பானத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிழிந்த எலுமிச்சை மூடியில் வீரியமான ரம்மை ஊற்றிக் கொளுத்தி, மேலே பட்டைத்தூள் தூவினால் பொறி பறக்கும். மூடிய கூடத்தில் அது அழகுதான். நம் கடற்காற்றில் அந்தச் சுடர் படுத்து எழும், மேலே இருப்பதோ காய்ந்த ஓலை. ஓலைக்கூரை ஒரு பொறியில் எப்படிப் போகும் என்று நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓலைக்கு அடியில் கொளுத்துகிற இடம், வேடிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், என் கணக்கில் தேறாது. வெளியே, திறந்த வானத்தின் கீழ், பக்கத்தில் மணல் வாளியோ தீயணைப்பானோ வைத்துக்கொண்டு செய்தால் சரி.

அந்த முகங்கள்

டீக்கி பாரில் கல்முகமும் மரமுகமும் நிறைய இருக்கும், கோப்பையே முகமாக இருக்கும். பசிபிக் தீவு மக்களில் பலர் இதை விரும்புவதில்லை. தங்கள் முன்னோரின் உருவத்தில் ரம் ஊற்றிக் குடிக்கிறார்களே என்பது அவர்களின் வருத்தம். எனக்கு அது புரிகிறது. நம் சுடலைமாடன் முகத்தையோ முப்பந்தல் இசக்கியம்மன் முகத்தையோ எங்கோ ஒரு நாட்டில் கோப்பையாக வார்த்து மேசையில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் அந்த முகங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சூழல் கணக்கில் சேர்க்கிறேன். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணமாக வைத்திருந்தால் எனக்கு அங்கே உட்காரப் பிடிக்காது. முகமே இல்லாமல் பனையோலைப் பெட்டி, கயிற்றுப் பின்னல், பழைய கட்டுமரத் துண்டு என்று நம் கரையின் சாமான்களை வைத்து அலங்கரித்திருந்தால் கூடுதல் மதிப்பெண். சீசனில் அக்கானியும் (பதநீர்தான்) நொங்கும் மெனுவில் இருந்தால் இன்னும் கூடுதல்.

பில்

வாங்கியதும் படித்துப் பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். சாப்பாட்டுக்கும் மாக்டெயிலுக்கும் ஜிஎஸ்டி உண்டு. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதி உணவகத்தில் 18 சதவீதம் போடுவார்கள், மற்ற இடங்களில் பெரும்பாலும் 5 சதவீதம். இரண்டு இடத்தின் விலையை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தனித் தொகை இருந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சொன்னவுடன் முகம் மாறாமல் பில்லைத் திருத்திக் கொடுத்தால் உபசரிப்புக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் உங்கள் விருப்பம். கொடுத்தால் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள்.

கிளம்பும் நேரம்

எழுதும் வேலையை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே இரண்டு கணக்கையும் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கடை அடைக்கும் நேரத்தில் ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தூரத்தில் இருந்து கேளுங்கள். மேலாளர் பையன்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

டீக்கி பானங்கள் இனிப்பானவை, உள்ளே இருக்கும் வீரியம் நாக்குக்குத் தெரியாது. டான் பீச் தன்னுடைய ஜோம்பி என்ற பானத்தை ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று விதி வைத்திருந்தார். இந்தியச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்து வண்டி ஓட்டினால், முதல் தடவையிலேயே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நம் கடற்கரைச் சாலையில் ராத்திரி நேரம் ஆடு படுத்திருக்கும், வலை உலர்த்தியிருப்பார்கள், சைக்கிளில் விளக்கில்லாமல் ஆள் வருவார்.

ஆகவே கடைசியாக ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன் என் மருமகனிடம். அவன் இரண்டு இடத்துக்கும் நண்பர்களோடு போய்விட்டு வந்தான். முதல் இடத்தில் வாசலில் சலாம் வைத்து, "மறுபடி வாங்க சார்" என்றார்களாம். இரண்டாவது இடத்தில் பில் கொண்டுவந்த அக்கா, மேசையில் கிடந்த சாவியைப் பார்த்துவிட்டு, "வண்டி யாரு ஓட்டுறீங்க மக்களே? குடிக்காத ஆள் யாரும் இல்லன்னா சொல்லுங்க, ஆட்டோ கூப்பிடுதேன். வண்டி இங்கயே நிக்கட்டும், காலைல வந்து எடுத்துக்கலாம்" என்றாராம். அவன் அங்கேதான் சேர்ந்திருக்கிறான்.